பதினேழாம் கேள்வி

அந்த நான்கு வரிகளை நான் வெள்ளைத்தாய்க்குப் படித்துக் காட்டினேனா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. படித்தேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது. கேட்கும்போது அவருடைய புருவம் சுருங்கியதுகூடக் கண்முன் வருகிறது. மறுநாள் யோசித்தால் அந்தப் புருவம் கூமாபட்டியில் நான் பார்த்த வேறொரு பெண்ணுடையது என்று படுகிறது. அந்த ஆவணியில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் ஒரே கேள்விகளைக் கேட்டிருந்தேன். முகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

மற்றவை நினைவிருக்கின்றன. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிளவக்கல் பக்கம் மலையில் மேகம் இறங்கியிருந்தது. வெள்ளைத்தாய் கத்திரிச் செடிகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து, வாய்க்காலில் கையை அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இதெல்லாம் துல்லியமாக இருக்கிறது. எது முக்கியமோ அது மட்டும் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுந்தரபாண்டியன். ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். அச்சகத்தை மூடியதும் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். அதன் பிறகுதான் இந்தக் கருத்துக் கணிப்பு வேலை கிடைத்தது. சென்னையிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் எங்கள் மாவட்டத்து வேலையை லிங்கேஸ்வரன் என்ற இளைஞரிடம் ஒப்படைத்திருந்தது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறைதான் அலுவலகம். என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். உணவு பற்றிய மக்கள் கருத்து என்று பெயர். மொத்தம் முப்பத்தெட்டுக் கேள்விகள். அவற்றில் முப்பத்தேழு, எனக்குத் தோன்றியவரை, பதினேழாம் கேள்விக்குத் துணையாக வந்தவை.

அந்தக் கேள்வி இப்படி இருந்தது: “மரபணு மாற்றுப் பயிர்களிலிருந்து பெறப்படும் உணவுப் பொருட்களுக்கு அரசின் கட்டுப்பாடு எந்த அளவு தேவை?” மிகக் கடுமையாக, ஓரளவு, தேவையில்லை, தெரியாது என்று நான்கு கட்டங்கள். அடியில் சிறிய எழுத்தில் நான்கு வரி விளக்கம். ஓர் உயிரினத்தின் மரபணுவை ஆய்வகத்தில் வேறோர் உயிரினத்தின் மரபணுத் தொகுதியில் செலுத்தி என்று தொடங்கும். கேள்வியைக் கேட்பதற்கு முன் அந்த விளக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. கேள்விக்குக் கீழே, குடும்பத்தினருக்குக் கொடுப்பீர்களா, ஏன் என்று அவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்ய ஒரு காலி இடம்.

பயிற்சி நாளில் நான் கையைத் தூக்கினேன்.

“லிங்கேஸ்வரன், நம்ம பக்கம் இதை யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்களே. பிடி பருத்தி, பிடி விதைன்னாத்தான் தெரியும்.”

“அண்ணாச்சி, பிடின்னு மட்டும் வாயைத் தொறக்கக் கூடாது. மெட்ராஸ்ல கண்டிசனா சொல்லிட்டாவ. பிடின்னா பருத்தி ஞாபகம் வந்து ஆளாளுக்குத் திட்டவோ பாராட்டவோ ஆரம்பிச்சிருவாங்களாம்.”

“ஆனா சொன்னாத்தானே என்ன கேக்கோம்னு தெரியும்?”

“தெரிஞ்சா கருத்து மாறிரும்ல?” என்றார் லிங்கேஸ்வரன். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இன்னொரு விதியும் உண்டு. கேள்வி கேட்டுப் பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் “தெரியாது” என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எனக்கு அது கடினமாக இருந்தது. நான் பொதுவாகப் பேச்சுக் குறைந்தவன். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் எனக்குச் சங்கடமாக இருக்காது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பொறுத்தால் மனிதர்கள் முதலில் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது பதிலுக்காக நான் காத்திருப்பேன். அதனால் முதல் வாரம் ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

“அண்ணாச்சி கேள்வி கேக்கப் போறாரா, தவம் இருக்கப் போறாரா?” என்று லிங்கேஸ்வரன் எல்லோர் முன்பும் கேட்டார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு முடிக்க வேண்டும். நான் ஐந்து முடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் வேகத்தைக் கூட்டினேன். அந்த வேகத்தில் எப்போது அந்த நான்கு வரிகள் கழன்றுபோயின என்பதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. மகாராஜபுரத்துக்கு நான் போனது இரண்டாம் வாரத்தின் வியாழக்கிழமை.

“கேள்வி எம்புட்டு சார் இருக்கு?” என்று வெள்ளைத்தாய் கேட்டார்.

“முப்பத்தெட்டு.”

“ஆத்தாடி. பொண்ணு பாக்க வந்தவியகூட இம்புட்டுக் கேக்கலையே.”

மோட்டார் அறைக்குள்ளிருந்து அவர் கணவர் பால்சாமி குரல் கொடுத்தார். “கேட்டிருந்தா அன்னைக்கே தப்பிச்சிருப்பேன் சார்.”

“தப்பிச்சிருந்தா நானும் நல்லா இருந்திருப்பேன். நீங்க கேளுங்க சார், அவிய கெடக்காவ.”

முதல் பதினாறு கேள்விகளுக்கும் அவர் யோசித்து, அங்கங்கே நிறுத்தித்தான் பதில் சொன்னார். ரேஷன் அரிசி பற்றி, கடையெண்ணெய் பற்றி. பதினேழாம் கேள்விக்கு மட்டும் நிறுத்தவே இல்லை. நான் முடிப்பதற்குள் சொன்னார்.

“எங்க தோட்டத்துல அதுதான சார். எம் பிள்ளைகளுக்கும் அதைத்தான் குடுக்கேன். இதுல அரசாங்கத்துக்கு என்ன சோலி? அவன் வந்து கட்டுப்படுத்துததுக்கு நாங்க என்ன சாராயமா காச்சுதோம்?”

“தேவையில்லை” என்ற கட்டத்தைத் தொட்டேன். அவர் சொன்னதை எழுத்துத் தமிழில் தட்டச்சு செய்தேன். “எங்கள் தோட்டத்தில் அதுதான். என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுக்கிறேன்.” ஒற்றுப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்தேன். அறிக்கையில் படம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டபோது முடியை ஒதுக்கிவிட்டு, கத்திரிக்காய்க் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நன்றாக வந்தது அந்தப் படம்.

நான் சந்தித்தவர்களில் யாருமே கேள்வியில் இருந்த சொல்லைத் திருப்பிச் சொல்லவில்லை. அது நீளமான சொல், வாயில் நிற்காது. எல்லோரும் “அது” என்றார்கள். அது நல்லது, அது வேண்டாம், அதுக்கு என்ன. “அது” எதைக் குறிக்கிறது என்று அச்சகத்தில் ஆயிரம் முறை பென்சிலால் வட்டமிட்டு ஆசிரியர்களைக் கேட்டிருக்கிறேன். வரப்பில் நின்றபோது ஒருவரிடமும் கேட்கவில்லை.

தை மாதம் அறிக்கை வந்தது. வழவழப்பான தாளில் ஒரு சிறு புத்தகம். எங்கள் மாவட்டத்தில் எழுபத்தொரு சதவீதம் பேர் மரபணு மாற்று உணவுக்குக் கட்டுப்பாடு தேவையில்லை என்று கருதுவதாக அதில் இருந்தது. பதினான்காம் பக்கத்தில் வெள்ளைத்தாயின் படம். அதன் கீழே: “எங்கள் தோட்டத்தில் மரபணு மாற்றுப் பயிர்தான். என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுக்கிறேன். வெள்ளைத்தாய், விவசாயி, மகாராஜபுரம்.”

சென்னையில் யாரோ ஒருவர் வாக்கியம் தெளிவாக இருக்கட்டும் என்று முதல் “அது”வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேள்வியில் இருந்த சொல்லைப் போட்டிருக்கிறார். என் வேலையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மரபணு மாற்றிய கத்திரிக்காயை இந்த நாட்டில் யாரும் சட்டப்படி பயிரிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் வரப்பில் நின்றபோது அது எனக்கு உறைக்கவில்லை. நான் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செய்தித்தாள் அந்தப் படத்தை எடுத்துப் போட்டது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குள் போனது.

அதன் பிறகு நடந்ததை வெள்ளைத்தாய் வாயால்தான் தெரிந்துகொண்டேன். ஒரு திங்கட்கிழமை காலையில் அவரும் பால்சாமியும் ராஜபாளையம் அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தார்கள். பால்சாமி கையில் மடித்த செய்தித்தாள் இருந்தது.

ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைத்தாய் வடக்கு மாட வீதியில் கமலவல்லி என்ற அம்மையார் வீட்டு வாசலில் காய் கொண்டுபோய் இறக்குகிறார். வீட்டு விதை, ரசாயன உரம் கிடையாது. கோயிலைச் சுற்றியுள்ள ஐம்பது குடும்பங்கள் வாங்குகின்றன. அதற்கு முன் அவர் அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். இந்த ஐம்பது வீடுகளை நம்பித்தான் சொந்த ஒன்றரை ஏக்கரில் தைரியமாக நின்றார். நாட்டுக்காய் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கமலவல்லி ஒரு நல்ல பெயர் கொடுத்திருந்தார். மரபுக்காய். வாசலில் ஒரு பலகையில் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. கூடை இறக்கியபடியே திரும்பியிருக்கிறது.

“மாமி நல்லவிய சார்,” என்றார் வெள்ளைத்தாய். “அவிய நம்புதாவ. ஆனா ஐம்பது வீட்டுக்கும் நான் என்னன்னு சொல்லட்டும், அச்சுல வந்திருச்சேன்னு கேக்காவ. யாரு கேட்டாரோ அவரே வந்து எழுதித் தரட்டும்னு சொல்லிட்டாவ. நீங்கதான கேட்டீங்க? என்ன கேட்டீங்களோ அதைத் திரும்பக் கேளுங்க, பாப்போம்.”

டேப்லெட்டை எடுத்துப் பதினேழாம் கேள்வியைப் படித்தேன்.

“மரபுன்னுதான சொல்லுதீங்க?”

“மரபணு.”

“அதான். மரபு.”

பால்சாமி செய்தித்தாளை மேசையில் வைத்தார். நான் லிங்கேஸ்வரனைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிடி பருத்தி இருக்கில்லம்மா,” என்றேன். “அது மாதிரி பிடி கத்திரி.”

வெள்ளைத்தாய் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார். கீழே தெருவில் பேருந்துகள் திரும்பும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் விரும்பாத மௌனம் என்று ஒன்று உண்டானால் அது அன்று அந்த அறையில் இருந்ததுதான்.

“பிடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வெளக்கமாத்தால அடிச்சிருப்பேனே சார் உங்கள,” என்றார் கடைசியில். குரலில் கோபமே இல்லை.

லிங்கேஸ்வரன் என்னை வெளி வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

“அண்ணாச்சி, அந்த விளக்கத்தைப் படிச்சீங்களா?”

“தெரியல.”

“தெரியலையா? அப்ப படிச்சேன்னு எழுதுங்க. நான் விளக்கினேன், அந்தம்மா தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்கன்னு எழுதுனா யாருக்கும் சேதாரம் இல்ல. படிக்கலைன்னு எழுதுனீங்க, உங்க முந்நூத்திப் பன்னெண்டும் செல்லாது. அடுத்து வார ஆரோக்கிய சர்வேயை நமக்குத் தர மாட்டாங்க. பதினோரு பேரு அண்ணாச்சி.” வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் கெட்டவன் இல்ல,” என்றார்.

அவர் கெட்டவர் இல்லைதான். உள்ளே வந்தபோது பால்சாமி கேட்டார்: “படிக்கலைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். அம்புட்டுதான். நாங்க போறோம்.”

இரண்டு பேருக்கும் என்னிடமிருந்து ஓர் உறுதி தேவைப்பட்டது. என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நானே மாட வீதிக்கு வருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன்.

நடுவில் இருந்த நாட்களில் நான் மகாராஜபுரத்துக்குப் போய், முன்பு கேட்ட பதினோரு வீடுகளில் மறுபடி கேட்டேன். பதினேழாம் கேள்வி என்னவென்று நினைத்தீர்கள் என்று மட்டும். ஏழு பேர் மரபுக்காய், நாட்டு விதை என்று நினைத்திருந்தார்கள். இரண்டு பேருக்குக் காதில் விழுந்தது “மாற்றுப் பயிர்” மட்டும். வேளாண்மைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்ட சொல். “நெல்லுக்குத் தண்ணி பத்தாட்டி உளுந்து போடச் சொல்லுதாவ, நல்ல விசயந்தான?” என்றார் ஒருவர். வத்திராயிருப்புச் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் வேல்பாண்டி கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று குறித்திருந்தவர். அவராவது புரிந்து சொன்னாரே என்று போனேன்.

“ஆமா சார், அணு ஆபத்துல்லா? கூடங்குளத்துல ஒண்ணு இருக்கது போதாதா? சாப்பாட்டுல வேற கலக்கணுமா? ஏலே, சாருக்கு ஒரு டீ போடுலே,” என்றார்.

ஒரே ஒரு வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. ராஜபாளையத்திலிருந்து வந்து அங்கே நிலம் வாங்கிய ராஜு ஒருவர். இருபது வருடம் பிடி பருத்தி போட்டவர். “தெரிஞ்சுதான் சொன்னேன். பருத்தியை நாம தின்னப் போறோமா? தின்னுறதுன்னா வேற கதை. நாலு பேர் சோதிச்சுச் சொல்லட்டும், பையில எழுதட்டும், பொறவு பாப்போம். நான் வத்துன்னும் சொல்லல,” என்றார். வேண்டாம் என்பதை அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கு நான் “ஓரளவு” என்று குறித்திருந்தேன்.

பதினோரு பேரில் ஒருவர். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே அளவுக்கு வேறு எதையோ பற்றிப் பேசியிருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு நான் விளக்கத்தைக் கட்டாயம் படித்திருக்கிறேன். டீக்கடையில் படித்தது நன்றாக நினைவிருக்கிறது. படித்தும் இப்படித்தான். அப்படியானால் வெள்ளைத்தாய்க்குப் படித்தேனா இல்லையா என்பதில் என்ன இருக்கிறது என்று திரும்பி வரும் பேருந்தில் நினைத்தேன். ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஐம்பது வீட்டுக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

பேருந்து ஏறுவதற்கு முன் வெள்ளைத்தாயின் தோட்டத்துக்கும் போயிருந்தேன். டேப்லெட் இல்லாமல் கேட்டேன். பிடி கத்திரி வந்தால் அரசாங்கம் அதை என்ன செய்ய வேண்டும் என்று. அவர் ஒரு பாத்தி முழுவதும் காய் பறித்து முடித்தார். நான் வரப்பில் நின்றேன்.

“எனக்கு வேண்டாம்,” என்றார் பிறகு. “ஆனா எனக்கு வேண்டாம்னா மட்டும் போதுமா? பக்கத்துக் காட்டுல போடுதான்னு வைங்க. பூத்தூளு எஞ்செடிக்கு வராதா? அடுத்த வருசம் அந்த விதையை எடுத்துப் போட்டுட்டு நான் எப்படி நாட்டுக்காய்னு சொல்லி விப்பேன்? போடணும்னா ஊருல கேட்டுட்டுத்தான் போடணும். எங்க போடுதான்னு எழுதி ஒட்டணும்.” செடியிலிருந்து ஒரு புழுத்த காயைக் கிள்ளி எறிந்தார். “இந்தப் புழு இருக்கே, இது வராதுன்னா ஆசையாத்தான் இருக்கு சார். அதையும் சொல்லணும்ல.”

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் பதினேழாம் கேள்விக்கு நான் கேட்ட முழுமையான பதில் அது ஒன்றுதான். அதை எழுத அப்போது எந்தப் படிவமும் என் கையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வடக்கு மாட வீதிக்குப் போனேன். கமலவல்லி என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். கூடத்தில் பதினைந்து, இருபது பேர் இருந்தார்கள். பெண்கள் பைகளோடு வந்திருந்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. வெள்ளைத்தாயும் பால்சாமியும் வாசல்படிக்கு வெளியே கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். உள்ளே வரும்படி கமலவல்லி இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை.

நான் எழுதிவந்த கடிதத்தைப் படித்தேன். கேள்வியில் இருந்த சொல் அவருக்குப் புரியவில்லை, மரபுக்காய் என்று எண்ணியே பதில் சொன்னார், அவர் தோட்டத்தில் இருப்பது வீட்டு விதை மட்டுமே, அறிக்கையில் உள்ள வாசகம் அவர் வாயிலிருந்து வந்ததல்ல, அவர் சொன்னது “அது” என்ற ஒரு சொல் மட்டுமே. பதினோரு வீடுகளில் மறுபடி கேட்டு அறிந்ததையும் எழுதியிருந்தேன். கடைசி வரி இது: “கேள்விக்கு முன் படிக்க வேண்டிய விளக்கத்தை இவருக்குப் படித்தேனா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.”

கமலவல்லி தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனந்தபத்மநாபன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கையை உயர்த்தினார்.

“எல்லாம் சரி. கடைசில என்ன சொல்றேள்? படிச்சேளா, படிக்கலையா?”

“உறுதியாச் சொல்ல முடியல சார்.”

“அதெப்படி? படிச்சிருந்தா அந்தம்மா தெரிஞ்சுண்டே சொல்லியிருக்கான்னு அர்த்தம். படிக்கலைன்னா உங்க தப்பு. ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்?”

“ரெண்டும் இல்லாமலும் இருக்கலாம் சார். படிச்சாலும் அது புரியாது.”

“எங்களுக்குப் புரியறதே.”

“மாமா, நீங்க பி.எஸ்ஸி. படிச்சவர்,” என்றார் கமலவல்லி. “எல்லாரையும் உங்க மாதிரி நெனைக்காதேங்கோ.”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கமலா, நான் குத்தம் சொல்லலை. கொழந்தேள் சாப்பிடற வஸ்து. தெரியலைங்கற கடுதாசியை வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்?” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பை கொண்டுவந்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பையை மடித்துக் கக்கத்தில் வைத்தாள்.

நான் வாசலைப் பார்த்தேன். பால்சாமி என்னை முறைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாய் கூடையின் மேல் இருந்த ஈரத்துணியை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கெஞ்சவில்லை, பார்க்கவும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மற்றவர்களை நான் காக்கவைத்த எல்லா மௌனங்களையும் சேர்த்து அன்று அவர்கள் என்னைக் காக்கவைத்தது போல இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மெய்ப்புத் திருத்தும் பழக்கத்தில் கடைசி வரியை ஒரே கோடாக அடித்தேன். மேலே எழுதினேன்: “விளக்கத்தை நான் படிக்கவில்லை.” கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டேன்.

“இது போதும்,” என்றார் அனந்தபத்மநாபன்.

அன்று கூடையில் பாதிக்கு மேல் போனது. கமலவல்லி கடிதத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். நான் திரும்பும்போது வெள்ளைத்தாய் பேருந்து நிறுத்தம் வரை வந்தார். பால்சாமி வெறுங்கூடைகளோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

“நெசமாவே படிக்கலையா சார்?” என்று கேட்டார்.

“ஞாபகம் இல்லம்மா.”

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

“எனக்கும் இல்ல சார்,” என்றார். “நீங்க ஏதோ நீளமாப் படிச்சாப்புலயும் இருக்கு. மோட்டார் சத்தத்துல நான் கவனிக்கல போல. மாமிகிட்ட சொல்லிராதீங்க.”

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.

கடிதம் எப்படியோ சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. நிறுவனம் என் முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் நீக்கிவிட்டுக் கணக்கைத் திருத்தியது. எழுபத்தொன்று அறுபத்தொன்பதாக ஆனது. புதிய பதிப்பில் பதினான்காம் பக்கத்தில் வேறு மாவட்டத்துப் பெண் ஒருவரின் படம் இருக்கிறது. அந்த அறுபத்தொன்பதை ஒரு கருத்தரங்கில் யாரோ மேற்கோள் காட்டியதாகப் பத்திரிகையில் படித்தேன்.

ஆரோக்கிய சர்வே வேறு ஊர்க்காரர்களுக்குப் போனது. லிங்கேஸ்வரன் இப்போது சூரிய சக்தி மோட்டார் விற்கும் கடையில் இருக்கிறார். என்னோடு இருந்த பத்துப் பேரில் நான்கு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியவில்லை. அனந்தபத்மநாபன் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். கமலவல்லியின் வீட்டு வாசலில் ஞாயிறு வியாபாரம் நடக்கிறது. ஐம்பது வீடுகளில் முப்பத்து நான்கு திரும்பி வந்தன, பதினாறு வரவில்லை. குறைந்ததை ஈடுகட்ட வெள்ளைத்தாய் வாரத்தில் இரண்டு நாள் களையெடுக்கப் போகிறார். பால்சாமி அரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். நான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் பெட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன்.